ஒரு தாலுகா, நாலு மாவட்டம், ஒரு டேட்டாசெட்

நிலம் வாங்கப் போனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "தாய்ப்பத்திரம் இருக்கா?" என்பதுதான். இப்போது விற்கிறவருக்கு இந்த இடம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முந்தி யார் வைத்திருந்தார் என்று பின்னாலேயே போகிற சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார். சர்வே நம்பரிலும் இதே கதைதான். 125 என்று இருந்தது 125/1, 125/2 ஆகும். அப்புறம் 125/2 உடைந்து 125/2ஏ, 125/2பி ஆகும். பேரண்ட்-சைல்டு ரிலேஷன்ஷிப் என்று நாங்கள் ஏதோ அமெரிக்காவில் இருந்து இறங்கின சரக்கு மாதிரி பேசுவதை நம்ம ஊர் பத்திர எழுத்தர்கள் ரொம்பக் காலமாக வெறும் பேனாவால் செய்துகொண்டு இருக்கிறார்கள்.

இந்தப் பதிவு அந்த உறவைப் பற்றித்தான். கம்ப்யூட்டரின் மெமரிக்குள் ரெண்டு டேபிளை வைத்து, இது தாய், இது சேய் என்று கட்டிவைக்கிற வேலை எங்கிருந்து வந்தது, எங்கே உதவுகிறது, எங்கே கையை விரிக்கிறது என்று. உதாரணத்துக்கு எல்லா புத்தகத்திலும் வருகிற கஸ்டமர்-ஆர்டர் ஜோடியை எடுக்கப் போவதில்லை, அதைப் படித்துப் படித்துப் புளித்துவிட்டது. சொந்த ஊர்களையே எடுத்துக்கொள்கிறேன். அப்பா வழி ராஜபாளையம், அம்மா வழி ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஏறினால் அரை மணிக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்று.

அம்மா வழித் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. தாத்தாவின் தாத்தா வாங்கிய புஞ்சை. அதில் 'திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா' என்று போட்டிருக்கும். அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் இராமநாதபுரம் மாவட்டம். நான் பிறந்தது 1997 ஆரம்பத்தில், என் சான்றிதழில் காமராஜர் மாவட்டம். என் தங்கைக்கு விருதுநகர் மாவட்டம். குடும்பம் வீடு மாறவே இல்லை சாமி. மாறினதெல்லாம் மாவட்டம்தான்.

நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் முதலில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. 1910ல் மதுரையில் கொஞ்சம், திருநெல்வேலியில் கொஞ்சம் வெட்டி இராமநாதபுரம் ஜில்லா என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கே போனது. (ராஜபாளையம் அப்போது தனித் தாலுகா இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள் ஓர் ஊர்.) இதில் ஒரு வேடிக்கை, இராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது. 1985 மார்ச் 15 அன்று அந்தப் பெரிய ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். சிவகங்கைப் பக்கம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் ஒன்று, எங்கள் பக்கம் காமராஜர் பெயரில் ஒன்று, மிச்சம் இராமநாதபுரம். 1997ல் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. சென்சஸ் புத்தகங்களை வரிசையாக அடுக்கினால் 1981ல் இராமநாதபுரம், 1991ல் காமராஜர், 2001ல் விருதுநகர். அடுத்தடுத்த மூன்று சென்சஸில் ஒரே மண்ணுக்கு மூன்று தலைப்பு.

எனக்கு இது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. வேலையில் என் கைக்கு வந்த ஒரு பழைய அப்ளிகேஷன், சொத்து ஆவணங்களை வகைப்படுத்தித் தேடித் தருவது. யாரோ எப்போதோ எழுதினது. அதில் மாவட்டத்தின் பெயரையே சாவியாக வைத்திருந்தார்கள். ஒரே நிலத்தின் பத்திரங்கள் நாலு மாவட்டத் தலைப்பில் சிதறிக் கிடக்கும். 'விருதுநகர்' என்று தேடினால் பழைய மூன்றும் கண்ணில் படாது. படாமல் போன ஒன்றில் அடமானம் இருந்தால்? வாங்கினவன் தலையில் துண்டு.

சரி, இந்தச் சிக்கலோடு வரலாற்றுக்குள் போவோம். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் :-)

தாய்-சேய் உறவைக் கம்ப்யூட்டரில் பெரிய அளவில் செய்தவர்களில் முன்னோடி ஐபிஎம். 1966ல் ராக்வெல், கேட்டர்பில்லர் கம்பெனிகளோடு சேர்ந்து ஆரம்பித்தார்கள். நிலவுக்கு ஆள் அனுப்புகிற அப்பல்லோ திட்டத்துக்கு ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியல் தேவை. பெரிய பாகத்துக்குள் சின்ன பாகம், அதுக்குள் இன்னும் சின்னது. லட்சக்கணக்கில் உருப்படிகள். 1968 ஆகஸ்டில் ராக்வெல்லின் டவுனி நகர மையத்தில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. ஐஎம்எஸ் என்று பெயர், இன்றைக்கும் வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அடிப்படை ஒரு மரம். ஒரு சேய்க்கு ஒரே தாய். தாயைத் தொடாமல் சேயிடம் போக முடியாது. ராக்கெட் பாகத்துக்கு இது கச்சிதம், ஒரு போல்ட் ஒரு இடத்தில்தான் முறுக்கப்பட்டிருக்கும்.

ஊர்களுக்கு அது சரிவராது. இன்றைய நிலையையே பாருங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு சட்டமன்றத் தொகுதியும் வருவாய்க் கணக்கில் விருதுநகர் மாவட்டம். ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு அப்புறம் ரெண்டுமே தென்காசி மக்களவைத் தொகுதிக்குள். விருதுநகர் என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி உண்டு, அதில் நாங்கள் இல்லை, மதுரை மாவட்டத்துத் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் இருக்கின்றன. இது பத்தாதென்று 2019ல் தென்காசி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. ஆக 'நீ தென்காசியா விருதுநகரா' என்று கேட்டால், எந்த உறவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கணும். ரெண்டு தாய் உள்ள பிள்ளை. ஐஎம்எஸ் இதுக்கு 'லாஜிக்கல் பேரண்ட்' என்று இன்னொரு தாயை ஒட்டவைக்கிற வழி ஒன்று வைத்திருந்தது. ஒட்டு என்றாலும் வேலை செய்தது.

ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த சார்லஸ் பாக்மன் வேறு வழி பிடித்தார். 1960களின் முதல் பாதியிலேயே ஐடிஎஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். அதில் ஒரு பதிவு எத்தனை குழுவிலும் உறுப்பினராக இருக்கலாம், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு உரிமையாளர். பதிவிலிருந்து பதிவுக்குச் சுட்டிகளைப் பிடித்துத் தாவிக்கொண்டே போகணும். 1973ல் டூரிங் விருது வாங்கும்போது அவர் பேச்சின் தலைப்பே புரோகிராமர் ஒரு மாலுமி என்கிற பொருளில்தான் இருந்தது. கடல் தெரிந்த மாலுமிக்குச் சுகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் திசை தெரியாமல் முழிப்பான்.

மூன்றாவது ஆள் எட்கர் காட். இங்கிலாந்துக்காரர், இரண்டாம் உலகப்போரில் விமானப்படை பைலட், பிறகு ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகம். 1970 ஜூனில் வந்த அவர் கட்டுரைதான் இன்றைக்கு நாம் சோறு தின்னக் காரணம். அவர் சொன்னது வெகு சாதாரணமாகத் தெரியும். உறவைச் சுட்டியில் வைக்காதே, மரத்தில் வைக்காதே, மதிப்பில் வை. தாலுகா வரிசையில் மாவட்டத்தின் சாவி ஒரு ஃபீல்டாக இருக்கட்டும், அவ்வளவுதான். அதே எண் மாவட்ட டேபிளிலும் இருந்தால் ரெண்டும் உறவு. 'ஃபாரின் கீ' என்ற பெயரும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு ஃபாரின் கீ, மக்களவைத் தொகுதிக்கு இன்னொன்று. ரெண்டு தாய் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஐபிஎம்முக்கு ஐஎம்எஸ் காசு கொட்டிக்கொண்டு இருந்ததால் சொந்த வீட்டுப் பிள்ளையின் யோசனையை மெதுவாகத்தான் கவனித்தார்கள். அந்த இடைவெளியில் 1979ல் ஆரக்கிள் முந்திக்கொண்டது. தாய் இல்லாத சேயை அனுமதிக்காதே என்கிற கட்டுப்பாடு எஸ்க்யூஎல் தரத்துக்குள் முறையாக வர 1989 ஆனது. தாய் மாறினால் சேயும் மாறட்டும், தாய் போனால் சேயும் போகட்டும் என்கிற விதிகள் 1992ல்.

எங்கள் ஊரும் இந்தக் கதையில் ஓரமாக இருக்கிறது. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸின் குழுமத்திலிருந்துதான் ராம்கோ சிஸ்டம்ஸ் கிளம்பியது. 90களில் அவர்கள் மார்ஷல் என்ற ஈஆர்பி போட்டபோது, நூல் கோன் விற்ற ஊரிலிருந்து சாஃப்ட்வேரா என்று பலர் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடும். மில் கணக்கு முழுக்கத் தாய்-சேய்தான், பில்லுக்கு அடியில் ஐட்டங்கள்.

இப்போது மெமரிக்கு வருகிறேன். டேட்டாபேஸில் உறவு இருக்கிறது, சரி. புரோகிராமுக்குள் அதை இழுத்துக்கொண்டு வரும்போது? ரொம்ப நாள் ஒரே தட்டையான பட்டியலாகத்தான் வந்தது. மாவட்டத்தையும் தாலுகாவையும் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு தாலுகா வரிசையிலும் மாவட்டத்தின் பெயர் திரும்பத் திரும்ப வரும். 1998 வாக்கில் மைக்ரோசாஃப்டின் ஏடிஓ 2.0 'டேட்டா ஷேப்பிங்' என்று ஒன்றைக் கொடுத்தது, பட்டியலுக்குள் பட்டியல். ஷேப், அப்பெண்ட், ரிலேட் என்று ஒரு தனி பாஷை. அதைப் புரிந்து எழுதினவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

2002 பிப்ரவரியில் டாட்நெட் 1.0 வந்தபோது ஏடிஓ டாட்நெட்டும் வந்தது. வெப் காலம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஆளுக்கொரு டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்துவைக்க முடியாது. அதனால் வேண்டியதை மெமரிக்கு அள்ளிக்கொண்டு வந்து, இணைப்பை மூடிவிட்டு, வேலையை முடித்து, மாற்றங்களை மட்டும் திருப்பி அனுப்பு என்று ஏற்பாடு. அந்த அள்ளின பாத்திரம் டேட்டாசெட். உள்ளே டேட்டாடேபிள்கள். டேட்டாபேஸ் பக்கத்தில் இல்லாததால் உறவைக் காக்கிற வேலையையும் மெமரிக்குள்ளேயே செய்யணும். அதுக்குத்தான் டேட்டாரிலேஷன். தாய் டேபிளின் எந்த ஃபீல்டு, சேய் டேபிளின் எந்த ஃபீல்டு என்று சொல்லி ஒரு பெயர் வைத்தால் போதும். தாய்ப் பக்கம் சாவி ரெண்டு தடவை வரக்கூடாது, சேய்ப் பக்கம் தாய் இல்லாத சாவி வரக்கூடாது என்ற ரெண்டு காவலையும் அதுவே போட்டுக்கொள்ளும். பிறகு விருதுநகர் வரிசையிடம் 'கெட்சைல்டுரோஸ்' என்றால் தாலுகாக்கள் வரும். ராஜபாளையத்திடம் 'கெட்பேரண்ட்ரோ' என்றால் விருதுநகர் வரும். தாலுகாக்களை முதலில் நிரப்பி மாவட்டங்களைப் பிறகு நிரப்பினால் காவல்காரன் கத்துவான், அநாதை வரிசை என்று. (நந்தவனத்தில் துளசிச் செடிக்கடியில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்த ஊர் எங்களுடையது. டேட்டாசெட்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.) தாயை முதலில் நிரப்பணும், இல்லை நிரப்பி முடிகிறவரை என்ஃபோர்ஸ்கன்ஸ்ட்ரெயின்ட்ஸை அணைத்து வைக்கணும்.

1985ஐ இதில் நடத்திப் பார்த்தேன். மூன்று மாவட்டமாகப் பிரிகிறது. முதல் கேள்வி, பழைய பெரிய இராமநாதபுரமும் புதிய சின்ன இராமநாதபுரமும் ஒரே வரிசையா, வேறு வேறா? பெயர் ஒன்றுதான். பரப்பு வேறு, தாலுகாக்கள் வேறு. வேறு வேறு என்று முடிவு செய்து, பழையதை நீக்கிவிட்டு மூன்று புதிது போடலாம் என்று ஒருத்தர் ஆரம்பித்தால் என்ன ஆகும்? டேட்டாரிலேஷன் போடுகிற காவலில் டிலீட்ரூல் சும்மா விட்டால் 'கேஸ்கேட்'. தாய் போனால் சேயும் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், அருப்புக்கோட்டை எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் அழிந்ததாகக் குறிக்கப்படும். எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இதில் நேர் எதிர். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது மறுத்துவிடும், பிள்ளைகள் இருக்கும்போது தாயை நீக்க முடியாது என்று. ஒரே விதிக்கு மெமரியில் ஒரு இயல்பு, டிஸ்க்கில் வேறு இயல்பு. இது மைக்ரோசாஃப்ட் செய்த மோசமான தேர்வு என்பது என் அபிப்பிராயம். ஒழுங்கு என்னவென்றால் புதிய தாய்களை முதலில் போடணும், பிள்ளைகளை மாற்றிவிடணும், கடைசியில்தான் பழைய வரிசையைத் தொடணும்.

புதிய தாய்க்கு டேட்டாபேஸ் இன்னும் எண் கொடுத்திருக்காது இல்லையா? அதுக்கு ஒரு அழகான வழக்கம் உண்டு. மெமரியில் தானியங்கி எண்ணை -1ல் ஆரம்பித்து -1 -1 ஆகக் கீழே இறங்கவிடுவது. காமராஜர் மாவட்டத்துக்கு -1, தாலுகாக்களும் -1ஐத் தாயாகச் சுட்டும். டேட்டாபேஸ் உண்மையான எண்ணைக் கொடுத்ததும் தாயின் சாவி மாறும், அப்டேட்ரூல் கேஸ்கேட் என்பதால் பிள்ளைகளும் தானாக மாறும். பெயர் வைக்கிற வரைக்கும் குழந்தையைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிற மாதிரி.

1997 வேறு ஜாதி மாற்றம். ஆமாம், ஜாதிதான். அந்த வருஷம் கட்டபொம்மனின் தளபதி என்று சொல்லப்படுகிற வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகர் மாவட்டப் பகுதிக்கு ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவித்தது அரசு. அவர் தலித் சமூகத்தவர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் கருணாநிதி அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. பெரியார் ஈரோடு ஆனது, அண்ணா திண்டுக்கல் ஆனது, சிதம்பரனார் தூத்துக்குடி ஆனது, நெல்லை கட்டபொம்மன் மறுபடி திருநெல்வேலி ஆனது, காமராஜர் விருதுநகர் ஆனது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ஒரு தலித்தின் பெயரை ஏற்க மனமில்லாததால் எல்லாப் பெயரும் போயின. இன்றைக்கு 'விருதுநகர் மாவட்டம்' என்று படிவத்தில் எழுதுகிற எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கும்?

டேட்டாசெட்டில் இது ஒரு ஃபீல்டு. பெயரையே சாவியாக வைத்திருந்தால் 1910, 1985, 1997 மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஸ்ரீவில்லிபுத்தூர் வரிசையில் ஒரு எழுத்துச் சரம் மாறியது என்று. 1910லும் 1985லும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாய் மாறியது. 1997ல் தாய் மாறவே இல்லை, தாயின் பெயர்தான் மாறியது. முன்னதில் மாறவேண்டியது சேய் வரிசை, பின்னதில் தாய் வரிசை மட்டும். எண்ணைச் சாவியாக வைத்தால் இந்த வித்தியாசம் தானாகப் பிரிந்து நிற்கும். தபால்காரர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் 626125, ராஜபாளையம் 626117. இராமநாதபுரம், காமராஜர், விருதுநகர் எது வந்தாலும் 626க்கு ஒரு கவலையும் இல்லை.

டேட்டாசெட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்கிறேன். ஒரு வரிசையை மாற்றினால் அது பழைய மதிப்பை உடனே மறப்பதில்லை. 'ஒரிஜினல்', 'கரண்ட்' என்று ரெண்டு பதிப்பை வைத்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூரை இராமநாதபுரத்திலிருந்து காமராஜருக்கு மாற்றிவிட்டு, கெட்பேரண்ட்ரோவிடம் ஒரிஜினல் பதிப்பைக் கேட்டால் இராமநாதபுரம் என்று சொல்லும். கரண்ட் கேட்டால் காமராஜர். தாய்ப்பத்திரமே உள்ளே இருக்கிற மாதிரி. ஆனால் 'அக்செப்ட்சேஞ்சஸ்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், ஒரிஜினல் போய்விடும். அதுக்கு முந்தி இருந்த திருநெல்வேலி என்றைக்கோ போயிருக்கும். காட்டின் மதிப்பு, பாக்மனின் சுட்டி, ஐபிஎம்மின் மரம் எல்லாமே 'இப்போது யார் தாய்' என்ற கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கின்றன.

பத்திர அப்ளிகேஷனுக்கு அது போதாது. 1905 பத்திரத்துக்குத் திருநெல்வேலி சரி, 1975 பத்திரத்துக்கு இராமநாதபுரம் சரி. எல்லாவற்றையும் விருதுநகர் என்று திருத்தினால் மூலத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகாது, எந்தப் பழைய தலைப்பில் தேடவேண்டும் என்ற துப்பும் போய்விடும். அதனால் தாலுகா டேபிளிலிருந்து மாவட்ட எண்ணை எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு டேபிள் போட்டேன். தாலுகா எண், மாவட்ட எண், முதல், வரை. மாவட்டப் பெயர்களுக்கும் அதே மாதிரி தேதியோடு ஒரு டேபிள். தாலுகாவுக்கும் இந்த டேபிளுக்கும் ஒரு டேட்டாரிலேஷன், மாவட்டத்துக்கும் இதுக்கும் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா உடைந்து ராஜபாளையம் தனியாக வந்ததும், பிறகு வத்திராயிருப்பு தனியாக வந்ததும் இன்னொரு டேபிள், அதில் தாயும் சேயும் ரெண்டுமே தாலுகா.

ஒரு இடத்தில் மட்டும் டேட்டாரிலேஷன் கைவிரித்தது. சாவியும் சாவியும் சமமா என்று மட்டும்தான் அதுக்குப் பார்க்கத் தெரியும், 'இந்தத் தேதி முதலுக்கும் வரைக்கும் நடுவில்' என்பது தெரியாது. அதனால் கெட்சைல்டுரோஸ் கொடுத்த வரிசைகளைத் தேதி வைத்து லிங்கில் சலிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிச் சேர்த்தேன், இருபது வரிக்குள். டேட்டாசெட் பழசு, தூக்கிப்போடு என்று டீமில் சிலர் சொன்னார்கள். 2017ல் டாட்நெட் கோர் 2.0விலும் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இப்போதைக்குப் போகாது. பத்திரத்தின் தேதியைக் கொடுத்தால் அன்றைய மாவட்டம், அன்றைய பெயர், இன்றைய பெயர் மூன்றும் வருகிறது. 'விருதுநகர்' என்று தேடினால் நாலு தலைப்பிலும் தேடுகிறது.